தேட வேண்டியது விண்டோஸ் சிடி அல்ல

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். அக்கா டிடிபி (பத்திரிகை, நோட்டீஸ் அச்சுக்குப் பக்கம் அமைக்கிற) வேலை பார்க்கிற லேப்டாப், 2017-ல் வாங்கியது, ஏழாம் தலைமுறை ஐ3, கூடவே விண்டோஸ் 10 ஹோம் வந்தது. இப்போது ஆன் செய்தால் ரிப்பேர் பார்க்கிறேன் என்று சொல்லிச் சுற்றிச் சுற்றி அதே திரையில் வந்து நிற்கிறது. வாங்கும்போது சிடி எதுவும் தரவில்லை. கடைக்காரர், "ஒரிஜினல் சிடி இல்லாம ஒரிஜினல் விண்டோஸ் போட முடியாது, நம்மகிட்ட இருக்கிற காப்பியைப் போட்டுத் தர்றேன்" என்கிறார். அவர் சொல்வது சரியா, நாமே போட்டுக்கொள்ள முடியுமா?

நீங்களே போடலாம், சிடி வேண்டாம். அக்கா காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் உரிமம் லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் போர்டான மதர்போர்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் விண்டோஸ் போடுவது சின்ன வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் பெரிய வேலை. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் எக்ஸ்பி காலத்தில் தொழில் கற்றவராக இருக்கலாம். அப்போது அவர் சொல்வது உண்மைதான். டெல் கொடுத்த எக்ஸ்பி சிடி டெல் பயாஸை (ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற, போர்டிலேயே இருக்கும் புரோகிராம்) பார்த்தால்தான் உரிமக் கீ கேட்காமல் ஏறும். சிடி தொலைந்தால் தொலைந்ததுதான். பிறகு கம்பெனிகள் சிடி கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஹார்டு டிஸ்கிலேயே ஒரு மூலையில், விண்டோஸை மறுபடி ஏற்றுவதற்கான ரிக்கவரி பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதி வைத்தார்கள். முதல் தடவை ஆன் செய்ததும் "நாலைந்து காலி டிவிடி எடுத்து வந்து என்னைக் காப்பி எடுத்து வையுங்கள்" என்று லேப்டாப் கெஞ்சும். எச்பியில் ஒரே ஒரு செட் எடுக்கத்தான் அனுமதி. எத்தனை பேர் எடுத்து வைத்தோம்?

விண்டோஸ் 7 வரை லேப்டாப்பின் அடிவயிற்றில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் 25 எழுத்துக் கீ. மடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அது பாதி அழிந்திருக்கும். அந்த வயதுள்ள மெஷின் யாரிடமாவது இருந்தால் ஒரு தகவல்: அந்தக் கீயில் பூஜ்யமும் வராது, ஓ என்ற எழுத்தும் வராது. 5-ம் எஸ்-ம் அப்படியே, இரண்டுமே கிடையாது. தடுமாற வேண்டியது 8-க்கும் பி-க்கும், 6-க்கும் ஜி-க்கும் நடுவில்தான். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் மை போன இடத்தில்கூட அச்சின் தடம் தெரியும்.

உங்கள் லேப்டாப்பின் அடியில் அந்த ஸ்டிக்கர் இருக்காது. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கிற லேப்டாப்புகளில் கீயை பயாஸ் சிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். விண்டோஸ் போடும் பென்டிரைவைச் செருகினால் அது தானே சிப்பிலிருந்து கீயைப் படித்து, எந்த எடிஷன் என்று தானே முடிவு செய்து, கேள்வி கேட்காமல் மேலே போகும். இதிலேயே ஒரு பரிசோதனையும் இருக்கிறது. ஹோமா, ஹோம் சிங்கிள் லாங்குவேஜா, ப்ரோவா என்று பட்டியல் போட்டுக் கேட்டால், பெரும்பாலும் சிப்பில் கீ இல்லை என்று அர்த்தம். அதாவது அந்த லேப்டாப் விண்டோஸுக்குப் பதில் டாஸ் அல்லது லினக்ஸ் சிஸ்டத்தோடு குறைந்த விலைக்கு விற்கப்பட்டு, கடையில் விண்டோஸ் ஏற்றப்பட்டது. நம் ஊரில் இப்படி விற்றவை ஏராளம். அப்படியானால் உண்மையிலேயே உரிமம் இல்லை, வாங்கித்தான் ஆக வேண்டும். பில்லை எடுத்துப் பாருங்கள், மாடல் பெயருக்குப் பக்கத்தில் விண்டோஸ் 10 என்று போட்டிருந்தால் கவலையில்லை.

ஹார்டு டிஸ்கை மாற்றினாலும் உரிமம் போகாது, அது மதர்போர்டோடு கட்டப்பட்டது. போர்டையே மாற்றினால்தான் சிக்கல்.

இப்போது பெரிய வேலைக்கு வருகிறேன். அக்கா டிடிபி வேலை என்றீர்கள். பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் இருக்கும். பாமினியோ வானவில்லோ செந்தமிழோ, அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஒரு கூட்டமாக இருக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் இவை ஒன்றும் திரும்பி வராது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். இப்போது போய் எங்கே தேடுவது? ஆகவே பீரோவைக் குடைந்து தேடுவதாக இருந்தால் பேஜ்மேக்கர் சிடியையும் எழுத்துரு சிடியையும் தேடுங்கள். சிடி உறையின் பின்பக்கம் ஒட்டிய சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா சிடி இல்லை என்று சொன்னால், அந்த எழுத்துருக்கள் உலகத்தில் உங்களுக்கென்று இருக்கிற ஒரே இடம் இந்தப் பழுதான டிஸ்க்தான் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த இழப்பு உடனே தெரியாது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி எடுத்தாயிற்று, ஃபைல் எல்லாம் பத்திரம் என்று நிம்மதியாக இருப்போம். பத்து நாள் கழித்து யாரோ பழைய கல்யாணப் பத்திரிகையைத் திருத்தக் கேட்பார்கள். திறந்தால் "தமிழ்" என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் நிற்கும். பாமினியில் அடித்தது உள்ளே அப்படித்தான் இருக்கிறது. எழுத்துரு என்ற முகமூடி இருக்கும்வரைதான் அது தமிழ். தமிழக அரசு 2010-லேயே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறியீடான யூனிகோடை ஏற்றுக்கொண்டாலும், அச்சகங்களின் பழைய ஃபைல்கள் இன்னும் அந்த முகமூடியோடுதான் இருக்கின்றன.

எடுக்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லோருக்கும் தெரியும். அவற்றோடு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். எது பாமினி, எது விண்டோஸோடு வந்தது என்று பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டாம், மொத்தமாக அள்ளுங்கள். சிலருக்கு எழுத்துரு அங்கே போகாமல் அவரவர் யூசர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவில் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வழியில் உட்கார்ந்திருக்கும். 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-ல் அட்மின் அனுமதி இல்லாமல் எழுத்துரு போட்டால் அங்கேதான் போகும். அதையும் பாருங்கள். கணக்கு எழுதுகிற டேலி ஏதாவது வைத்திருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர் டாக்குமென்ட்ஸில் இருக்காது, பெரும்பாலும் டேலி போட்ட ஃபோல்டருக்குள்ளேயோ பப்ளிக் ஃபோல்டரிலோ இருக்கும்.

சரி, விண்டோஸே திறக்காதபோது எப்படி எடுப்பது? என் யோசனை, டிஸ்கை வெளியே எடுத்துவிடுங்கள். 2017 மாடல் ஐ3-யில் சுற்றுகிற ஹார்டு டிஸ்க்தான் இருக்க அதிக வாய்ப்பு. இந்த வயதில் அது ரிப்பேர் ரிப்பேர் என்று சுற்றுவதற்குக் காரணமே அந்த டிஸ்க்காக இருக்கலாம். காதை வைத்துக் கேளுங்கள், டிக் டிக் என்று தட்டுகிற சத்தம் வந்தால் அதற்குமேல் ஆன் செய்யாதீர்கள். அதே அளவு, இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுற்றாத, சிப்பில் எழுதுகிற டிஸ்க்) ஒன்று வாங்கி அதன் இடத்தில் மாட்டி, பழைய டிஸ்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வையுங்கள். புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏறியதும் கேஸைச் செருகி வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எதையும் அழிக்கவில்லை என்பதால், பழைய டிஸ்க் படிக்கிற நிலையில் இருக்கும்வரை எதையும் தொலைக்கவும் முடியாது. வேகமும் கூடும், அக்கா வேறு லேப்டாப் என்றே நினைப்பார்.

டிஸ்கில் ரிக்கவரி பார்ட்டிஷன் இருக்குமே, அதை வைத்தே செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டோடு எஃப்10, லெனோவோவில் பக்கவாட்டில் ஊசியால் குத்துகிற குட்டி பட்டன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. வேலை செய்யும்தான். ஆனால் அது 2017-ல் வாங்கிய நாளுக்கு உங்களைக் கொண்டுபோய் விடும். அந்தக் கால விண்டோஸ், கூடவே வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ், கேம் விளம்பரம் எல்லாம் திரும்ப வரும், அதன்பிறகு ஒரு நாள் முழுக்க அப்டேட் ஓடும். பெரும்பாலும் சி டிரைவையும் துடைத்துவிடும், சில மாடல்களில் டிஸ்க் முழுவதையுமே. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

எஸ்எஸ்டி மாட்டினாலும் சரி, அது இப்போது வாங்க முடியாது, அதே டிஸ்கில்தான் போட வேண்டும் என்றாலும் சரி, முதலில் பென்டிரைவைத் தயார் செய்யுங்கள். நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரோ பிரவுசிங் சென்டரோ போதும். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இந்தப் பென்டிரைவைத் தயாரிக்கிற மீடியா கிரியேஷன் டூல் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் 10-க்கு உரியதை எடுங்கள். குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அந்த டூல் "இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்றதையே எடுக்கட்டுமா" என்று ஒரு பெட்டியில் டிக் போட்டு வைத்திருக்கும். நண்பரின் கம்ப்யூட்டர் வேறு மாதிரி இருந்தால் தப்பானது வரும், அந்த டிக்கை எடுத்துவிட்டு 64 பிட் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். சில ஜிபி இறங்க வேண்டும், போன் டேட்டாவில் செய்வதானால் அன்றைய பாக்கியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர் வைத்திருப்பது லினக்ஸ் என்றால் ஐஎஸ்ஓ ஃபைலை (விண்டோஸ் டிஸ்க் முழுவதும் ஒரே ஃபைலாக) இறக்கி, வென்டாய் என்ற டூல் மூலம் போடுங்கள். உபுண்டுவோடு வரும் பென்டிரைவ் தயாரிப்பான் விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு ஆகாது.

பென்டிரைவைச் செருகி ஆன் செய்யும்போதே, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிற பூட் மெனுவுக்கான கீயை விட்டு விட்டுத் தட்டுங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி எஃப்9, ஏசுஸ் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் முதலில் எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய் அதை இயக்கி வைக்க வேண்டும். யூடியூப் வீடியோக்களில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணை, லெகஸி என்ற பழைய பூட் முறைக்கு மாற்று என்று சொல்வார்கள். அது விண்டோஸ் 7 காலத்து மருந்து, இதற்குத் தேவையே இல்லை. மாற்றினால் "இந்த டிஸ்க் ஜிபிடி வகை, இதில் போட முடியாது" என்ற செய்தியில் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். அதைப் பார்த்துப் பயந்து டிஸ்கையே துடைத்தவர்கள் இருக்கிறார்கள். லெகஸியை எடுத்துவிட்டு மறுபடி யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு வந்தால் அந்தச் செய்தி தானே போய்விடும்.

அதே பழைய டிஸ்கில் போடுவதானால், மொழி கேட்கும் முதல் திரை வந்ததும் நிறுத்துங்கள். அங்கே ஷிப்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் கறுப்புப் பெட்டி ஒன்று வரும். நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். சாதாரண நோட்பேட்தான் திறக்கும். அதன் ஃபைல் மெனுவில் ஓப்பன் போனால் லேப்டாப்பின் டிரைவ்கள் எல்லாம் தெரியும். கீழே "எல்லா ஃபைல்களும்" என்று மாற்றிவிடுங்கள். அந்தச் சின்ன ஜன்னலுக்குள்ளேயே ரைட் கிளிக் செய்து ஃபோல்டரை காப்பி எடுத்து, இன்னொரு யுஎஸ்பி டிஸ்கில் பேஸ்ட் செய்யலாம். டிரைவ் எழுத்துகள் இங்கே மாறியிருக்கலாம், சி என்பது டி-யாகத் தெரியலாம், உள்ளே பார்த்து உறுதி செய்யுங்கள். எவ்வளவு முடிந்தது என்ற பட்டை பெரும்பாலும் வராது, செத்துவிட்டது போல நிற்கும். யுஎஸ்பி டிஸ்கின் விளக்கு மினுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு பொறுமையாக இருங்கள். பென்டிரைவிலிருந்தே ஓடுகிற லைவ் லினக்ஸ் போட்டு எடுப்பதைவிட இது எனக்குச் சுலபமாகப் படுகிறது. புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் பிட்லாக்கர் பூட்டோடு வரும், அங்கே 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கும். அது வாங்கியபோது போட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். உங்கள் 2017 மாடலில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது.

காப்பி முடிந்தபின் கறுப்புப் பெட்டியை மூடி இன்ஸ்டால் போங்கள். கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கரன்ட் போகாது என்று நம்பாமல் பேட்டரி ஏறியிருக்கிறதா பாருங்கள். பேட்டரி செத்த லேப்டாப் என்றால் மின்தடை அறிவித்த நாளில் உட்கார வேண்டாம்.

அடுத்து வரும் பார்ட்டிஷன் பட்டியலில்தான் கை நடுங்க வேண்டும். ரிக்கவரி என்று ஒன்று, சிஸ்டம் என்று சில நூறு எம்பியில் ஒன்று, 16 எம்பியில் ஒன்று, பிறகு பிரைமரி என்று ஒன்றோ இரண்டோ. சி, டி என்ற எழுத்து எதுவும் இங்கே தெரியாது. அளவை வைத்துத்தான் அடையாளம். நான் ஒரு தடவை சித்தி மகளின் லேப்டாப்பில் இதே திரையில் தப்பு செய்தேன். சி-யும் டி-யும் ஏறத்தாழ ஒரே அளவு. பார்க்காமல் ஃபார்மட் அடித்தது டி-யை. அவளுடைய கல்யாணப் போட்டோ முழுக்க அதில். ரிக்கவரி சாஃப்ட்வேர் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்து முக்கால்வாசி எடுத்தேன், தாலி கட்டுகிற போட்டோ வரவில்லை. அதன்பிறகு நோட்பேடில் டிரைவ்களைப் பார்க்கும்போதே ஒவ்வொன்றின் அளவையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டுதான் இந்தத் திரைக்கு வருவேன்.

இன்னும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பழைய சி எது என்று தெரிந்தபின், அதை ஃபார்மட் அடிக்காமலே தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள். பழைய விண்டோஸ், யூசர் ஃபோல்டர்கள் எல்லாம் விண்டோஸ் டாட் ஓல்ட் என்ற ஃபோல்டருக்குள் போகும் என்று ஓர் எச்சரிக்கை வரும், ஓகே சொல்லுங்கள். நீங்கள் எடுக்க மறந்தது ஏதாவது இருந்தால் அங்கே கிடைக்கும், ஃபான்ட்ஸ் உட்பட. சில நாளில் விண்டோஸ் தானே அதை அழித்துவிடலாம், ஆகவே முதல் நாளே பார்த்துவிடுங்கள். புதிய எஸ்எஸ்டி என்றால் இந்தப் பஞ்சாயத்து எதுவும் இல்லை. காலி இடம் என்று ஒரே வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் பார்ட்டிஷனை அதுவே போட்டுக்கொள்ளும்.

விண்டோஸ் ஏறியதும் வைஃபை தெரியாமல் போனால் பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், பெரும்பாலும் எந்த டிரைவரும் இல்லாமலே நெட் வந்துவிடும். அதன்பின் விண்டோஸ் அப்டேட் மற்ற டிரைவர்களை இழுத்துக்கொள்ளும். சவுண்டோ டச்பேடோ மிச்சம் நின்றால் கம்பெனி தளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். டிரைவர் பேக் என்று வேறு எங்கும் கிடைப்பதைத் தொடாதீர்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் போனால் டிஜிட்டல் உரிமத்தோடு ஆக்டிவேட் ஆகியிருப்பதாகக் காட்ட வேண்டும். கடைக்காரர் போட்டிருந்தால் அநேகமாக ப்ரோ எடிஷனும், கூடவே உரிமம் இருப்பது போலக் காட்டுகிற ஆக்டிவேட்டர் ஒன்றும் வந்திருக்கும். அந்த ஆக்டிவேட்டர் வேலை செய்ய விண்டோஸ் டிஃபெண்டரை அணைத்து வைப்பார்கள், பிறகு யாரும் திரும்பப் போடுவதில்லை. பல கடைகளின் பென்டிரைவ் வந்து போகிற டிடிபி மெஷினில் அது எதில் போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டதே என்று கேட்கலாம். வீட்டு உபயோகத்துக்கு நீட்டிப்பு ஒன்று 2026 அக்டோபர் 13 வரை கொடுத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதோடு சிங்க் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கேட்பதில்லை, விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். ஏழாம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. ஏமாற்றி ஏற்றும் வழி உண்டு, சம்பாதிக்கிற மெஷினில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். வெறும் பிரவுசிங் என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன், பேஜ்மேக்கர் இருப்பதால் வாயை மூடிக்கொள்கிறேன். நீட்டிப்பும் முடிந்தபின் அந்த லேப்டாப்பை நெட்டிலிருந்து கழற்றிவிட்டு பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், மெயிலும் வங்கி வேலையும் வேறொன்றில்.

பேஜ்மேக்கரைப் போட்டபின் எழுத்துருக்களைப் போடுங்கள். எடுத்து வைத்த ஃபோல்டரில் ஏற்கெனவே புதிய விண்டோஸில் இருப்பவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் எல்லா யூசர்களுக்கும் என்று வரும் இன்ஸ்டாலைக் கொடுங்கள். பிறகு அக்காவைக் கூப்பிட்டு அவருடைய மிகப் பழைய பத்திரிகை ஃபைல் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். தமிழ் தமிழாகத் தெரிந்தபிறகுதான் பழைய டிஸ்கையோ காப்பியையோ அழிப்பது பற்றி யோசிக்கலாம். ஜே, கே, பி, ஓ என்று வந்தால் அந்த எழுத்துருவின் பெயரை பேஜ்மேக்கரே திறக்கும்போது இல்லை என்று காட்டும், குறித்துக்கொண்டு விண்டோஸ் டாட் ஓல்டுக்குள்ளோ பழைய டிஸ்கிலோ தேடுங்கள்.